பெக்கி ஆஷ்கிராஃப்ட்: கேளுங்கள், சொல்கிறேன்

டேவிட் லீன் இயக்கிய 'எ பாஸேஜ் டு இந்தியா' (1984) படத்தில் மிஸஸ் மூர் என்ற ஆங்கிலேய மூதாட்டியாக நடித்த பெக்கி ஆஷ்கிராஃப்டைப் பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகள் இவை. எனக்கு மிகப் பிடித்த நடிகை. சில பதில்கள் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார், 77 வயதில் ஆஸ்கர் வாங்கினாராமே! அதுவரைக்கும் எங்கே இருந்தார்?

மேடையில் இருந்தார். சினிமா மட்டும் பார்க்கிறவர்களுக்குத்தான் அவர் திடீரென்று வந்தவர் போலத் தெரியும். லண்டனை ஒட்டிய குராய்டனில் 1907 டிசம்பர் 22 அன்று பிறந்தவர். தந்தை முதல் உலகப் போரில் இறந்துபோனார். பதினாறு வயதில் எல்சி ஃபோகர்ட்டியின் நாடகப் பள்ளியில் சேர்ந்தார்; பின்னாளில் பெரிய நடிகரான லாரன்ஸ் ஒலிவியேவும் அங்கேதான் படித்தார். 1926இல் பர்மிங்ஹாமில் முதல் தொழில்முறை நாடகம். அங்கிருந்து ஆஸ்கர் மேடை வரை கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட அறுபது வருட உழைப்பு. மிஸஸ் மூரின் முகத்தில் நீங்கள் பார்த்தது அதைத்தான்.

பால் ராப்சனோடு நடித்தார் என்று படித்தேன். உண்மையா அண்ணா?

உண்மைதான் தம்பி. 1930இல் லண்டன் சவாய் தியேட்டரில் ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகம். அமெரிக்கக் கறுப்பினப் பாடகரும் நடிகருமான ராப்சன் ஒத்தெல்லோ, இவர் அவன் மனைவி டெஸ்டிமோனா. வயது 22. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கறுப்பின நடிகர் ஐரா ஆல்ட்ரிட்ஜ் நடித்ததற்குப் பிறகு லண்டன் பெரிய மேடையில் ஒரு கறுப்பின நடிகர் ஒத்தெல்லோவாக நின்றது அப்போதுதான். வெள்ளைக்காரப் பெண்ணைக் கறுப்பர் மேடையில் முத்தமிடுவதா என்று கொதித்தவர்கள் இருந்தார்கள். வெறுப்புக் கடிதங்கள் வந்தன. அதற்கு முந்தைய வருடம்தான் அந்தத் தியேட்டரை ஒட்டிய சவாய் ஹோட்டல் உணவகத்தில் ராப்சனை உள்ளே விட மறுத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டடத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாதவர், இங்கே நாயகன்! இனவெறி எப்படிப்பட்டது என்று ஆஷ்கிராஃப்டுக்கு நேருக்கு நேர் காட்டிய அனுபவம் அது.

ஒரே நாடகத்தில் இரண்டு ரோமியோக்களுக்கு ஜூலியட்டாக நடித்தாரா? எப்படி சாத்தியம்?

1935இல், லண்டன் நியூ தியேட்டரில், 'ரோமியோ அண்ட் ஜூலியட்'. நடிகர் ஜான் கில்குட் இயக்கம். ஒலிவியேவும் கில்குட்டும் ரோமியோ, அவன் நண்பன் மெர்குஷியோ இரண்டு வேடங்களையும் பாதியில் மாற்றிக்கொண்டார்கள். கில்குட் கவிதையை இசையாகச் சொல்பவர். ஒலிவியே அதே வரிகளை ரத்தமும் சதையுமாகப் பேசுபவர். அன்று தொடங்கிய 'யார் சிறந்த ரோமியோ' என்ற வாதத்தை நாடக ரசிகர்கள் இன்னும் விடவில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பேன். இரண்டு பேருக்கும் ஜூலியட் ஒருத்திதான். எதிரே நிற்பவரின் தாளம் மாறும்போது அதைக் காதில் வாங்கிப் பதில் சொல்ல வேண்டும். எதிராளி பேசுவதை முழுசாகக் கேட்கிற அந்தக் குணம்தான் ஆஷ்கிராஃப்டின் நடிப்புக்கு வேர்.

அவருடைய மிகப் பெரிய வேடம் எது?

'த வார்ஸ் ஆஃப் த ரோஸஸ்' நாடகத்தின் மார்கரெட் ராணி, அதாவது மன்னர் ஆறாம் ஹென்றியின் மனைவி. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. ஷேக்ஸ்பியரின் 'ஆறாம் ஹென்றி' மூன்று பாகங்களையும் 'மூன்றாம் ரிச்சர்ட்'டையும் நாடக இயக்குநர் ஜான் பார்ட்டன் மூன்று நாடகங்களாகச் சுருக்கினார். 1963இல் ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபர்டில் அரங்கேற்றம். ஆஷ்கிராஃப்டுக்கு வயது 55. மணப்பெண்ணாக வருகிறார், போர்க்களத்தில் படை நடத்துகிறார், கடைசியில் சாபம் விட்டுத் திரியும் கிழவியாக நிற்கிறார். பிடிபட்ட எதிரி யார்க் பிரபுவின் தலையில் காகிதக் கிரீடத்தை வைத்து, அவருடைய மகனின் ரத்தம் தோய்ந்த துணியை நீட்டும் காட்சியைப் பாருங்கள். யார்க்காக டொனால்ட் சின்டன். அந்தக் கொடூரத்துக்குள்ளே அவளுக்கே ஏதோ முறிந்துபோவது தெரியும். பிபிசி 1965இல் தொலைக்காட்சியில் காட்டியதால் நமக்கும் அது கிடைத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாடக இயக்குநர் பீட்டர் ஹால் நீண்டகால ஒப்பந்தத்தோடு ஒரு நிரந்தரக் குழு வேண்டும் என்று ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியைத் தொடங்கியபோது, முதலில் சம்மதம் சொன்ன பெரிய நடிகர்களில் இவரும் ஒருவர். தனி நட்சத்திரமாக எங்கே வேண்டுமானாலும் சம்பாதித்திருக்கலாம். குழுவைத் தேர்ந்தெடுத்தார். அவர்மேல் எனக்கு மதிப்பு கூடுவதே இந்த இடத்தில்தான்.

குடும்பம்?

மூன்று திருமணங்கள், மூன்றும் விவாகரத்தில் முடிந்தன. வழக்கறிஞர் ஜெரமி ஹட்சின்சனோடு வாழ்ந்ததுதான் நீண்டது. இரண்டு பிள்ளைகள்.

குன்னூர்க்காரன் நான். அந்தப் படத்து ரயில் எங்கள் ஊர் ரயில் என்கிறார்களே?

ஆமாம், நீலகிரி மலை ரயில்தான். கதைப்படி அது பீகார்ப் பக்கத்துக் குகைகளுக்குப் போகிற ரயில். குகைக் காட்சிகளை பெங்களூருக்கு அருகே சாவனதுர்கா, ராமநகரப் பாறைகளில் எடுத்தார்கள். டேவிட் லீன் கூப்பிட்டபோது "எனக்கு 75 வயதாகிறதே" என்று ஆஷ்கிராஃப்ட் தயங்க, "எனக்கும்தான்" என்றாராம் லீன். மசூதியில் இந்திய மருத்துவர் அஜீஸ் அதட்டும்போது, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தேன் என்று மிஸஸ் மூர் சொல்லும் தொனியைக் கவனியுங்கள். கெஞ்சலும் இல்லை, மேட்டிமையும் இல்லை. 1985 ஆஸ்கர் விழாவுக்கு அவர் போகவில்லை. அவர் சார்பில் நடிகை ஏஞ்சலா லான்ஸ்பரி வாங்கிக்கொண்டார். சிறந்த துணை நடிகை விருது பெற்றவர்களில் மிக மூத்தவர் இன்றும் ஆஷ்கிராஃப்ட்தான்.

எதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம், ஐயா?

முதலில் ஹிட்ச்காக்கின் 'த தர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்', 1935. ஸ்காட்லாந்து குடியானவரின் இளம் மனைவியாகச் சில நிமிடங்கள்தான் வருவார். போலீசுக்குத் தப்பி ஓடுகிறவனுக்குக் கணவனின் மேலங்கியைக் கொடுத்து அனுப்புவார். கணவன் தன்னை அடிப்பானோ என்ற பயம் கண்ணில் இருக்கும், கொடுக்கிற கை நடுங்காது.

பிறகு மார்கரெட். அதன் பிறகு மிஸஸ் மூரையும், அதே 1984இல் வந்த 'த ஜுவல் இன் த கிரவுன்' தொடரின் பார்பி பேட்ச்லரையும் அடுத்தடுத்துப் பாருங்கள். பார்பி, இந்தியாவிலேயே ஓய்வுபெற்ற மிஷனரி ஆசிரியை. போக்கிடம் இல்லாதவள், பேச்சை நிறுத்தத் தெரியாதவள். மிஸஸ் மூரோ போகப் போகப் பேச்சையே விட்டுவிடுகிறவர். இரண்டு பேரும் பிரிட்டிஷ் இந்தியாவில் இருக்கும் வெள்ளைக்காரக் கிழவிகள். ஆனால் ஒருத்தியின் சாயல் மற்றவளிடம் துளிகூட இருக்காது. பார்பிக்காக பாஃப்டா என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி விருதும் ஆஷ்கிராஃப்ட் பெற்றார்.