பெரிய முழு எண்களை ஆங்கிலத்தில் எழுத்தால் எழுதும்போது தடுமாறாமல் இருக்க என்ன வழி?

கேள்வியின் சாரம் இது: "ஆயிரங்கள் வரை சுலபமாக எழுதிவிடுகிறேன். லட்சத்தைத் தாண்டியதும் தௌசண்டா, மில்லியனா என்று கை நின்றுவிடுகிறது. இடமதிப்பை வைத்து எழுதலாம் என்கிறார்கள். எப்படி?"

கணக்குப் பாடம் சொல்லித் தருவது என் வேலை என்பதால் இந்தத் தடுமாற்றத்தை அடிக்கடி பார்க்கிறேன். ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவர்களும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். எண்ணை நம் வழக்கப்படி வெட்டிக்கொண்டு, ஆங்கிலப் பெயர்களை அதன்மேல் ஒட்டப் பார்க்கிறோம். வெட்டிய இடமும் பெயரும் பொருந்துவதில்லை. அவ்வளவுதான் சிக்கல்.

நிலவின் தொலைவை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரியாக 3,84,400 கிலோமீட்டர். மூன்று லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூறு என்று வாய் தானாகச் சொல்லிவிடும். மனதுக்குள் அந்த எண் 3 | 84 | 400 என்று வெட்டுப்பட்டிருக்கிறது. ஆங்கிலப் பன்னாட்டு முறையிலோ 384 | 400 என்று இரண்டே துண்டு. எனவே அது 'த்ரீ ஹண்ட்ரட் எய்ட்டி-ஃபோர் தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்'. அதாவது முந்நூற்று எண்பத்து நான்கு ஆயிரம், அப்புறம் ஒரு நானூறு. "முந்நூற்றுச் சொச்சம் ஆயிரம்" என்று யாராவது சொன்னால் நமக்கு விநோதமாக இருக்கும். நூறு ஆயிரம் சேர்ந்தால் அதற்கு லட்சம் என்று தனிப் பெயர் வைத்துவிட்டோமே, அப்புறம் எதற்கு முந்நூறு ஆயிரம்?

நம் முறையில் கோடிகள் நூறைத் தொடாதவரை 'நூறு' ஒரே ஒரு முறைதான் வரும், அதுவும் எண்ணின் வால்பகுதியில். ஆங்கிலத்தில் ஒவ்வொரு மூன்று இலக்கத்துக்கும் ஒரு 'ஹண்ட்ரட்' வரலாம். என் மாணவர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான். ஒளியின் வேகத்தைப் பாருங்கள்: வெற்றிடத்தில் நொடிக்கு 29,97,92,458 மீட்டர். தமிழில் இருபத்தொன்பது கோடியே தொண்ணூற்றேழு லட்சத்துத் தொண்ணூற்று இரண்டாயிரத்து நானூற்று ஐம்பத்தெட்டு. நானூறு என்று ஒரு தடவைதான் நூறு வந்திருக்கிறது (தொண்ணூறுக்குள் ஒளிந்திருக்கும் நூறைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்!). அதே எண்ணைப் பன்னாட்டு முறையில் 299,792,458 என்று எழுதினால்: டூ ஹண்ட்ரட் நைன்டி-நைன் மில்லியன் செவன் ஹண்ட்ரட் நைன்டி-டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபிஃப்டி-எய்ட். மூன்று ஹண்ட்ரட்.

சரி, எப்படி எழுதுவது?

முதல் வேலை, இருக்கிற காற்புள்ளிகளை மறந்துவிடுங்கள். வலது ஓரத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாக எண்ணிப் புதிதாகக் காற்புள்ளி போடுங்கள். இடப்பக்கத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கவே கூடாது. அங்கே மிஞ்சுவது ஒன்றோ, இரண்டோ, மூன்றோ இலக்கமாக இருக்கலாம். ஒவ்வொரு மூன்று இலக்கமும் ஒரு கட்டம். வலது ஓரக் கட்டத்துக்குப் பெயர் கிடையாது. அதற்கு இடப்பக்கம் வரிசையாகத் தௌசண்ட், மில்லியன், பில்லியன், டிரில்லியன்.

ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இருப்பது நூறுகள், பத்துகள், ஒன்றுகள் என்ற அதே மூன்று இடங்கள்தான். ஆகவே ஒவ்வொரு கட்டத்தையும் ஏதோ தனியான மூன்று இலக்க எண் போல வாசித்துவிட்டு, கட்டத்தின் பெயரைக் கடைசியில் ஒரு முறை சொன்னால் போதும். 'டூ ஹண்ட்ரட் மில்லியன் நைன்டி-நைன் மில்லியன்' என்று இலக்கத்துக்கு இலக்கம் மில்லியன் போடுகிற பிள்ளைகள் உண்டு. இடமதிப்பின்படி பார்த்தால் அது பொய்யும் இல்லை. ஆனால் அப்படி யாரும் எழுதுவதில்லை. ஆக 999 வரை ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவருக்கு எவ்வளவு பெரிய எண்ணும் எழுதத் தெரியும். மிச்சம் இருப்பது நாலைந்து கட்டப் பெயர்கள்தான்.

கட்டத்துக்குள் ஒரே ஒரு விதிவிலக்கு. பத்துகளின் இடத்தில் 1 இருந்தால் பத்தையும் ஒன்றையும் பிரிக்க முடியாது. டென், இலெவன், டுவெல்வ், தர்ட்டீன் என்று நைன்டீன் வரை இரண்டு இடத்துக்கும் சேர்த்து ஒரே சொல். நம் 'பதினான்கு' பத்தில் தொடங்கி நான்கில் முடிகிறது. 'ஃபோர்ட்டீன்' நான்கில் தொடங்குகிறது. சொல்வதைக் கேட்டு எழுதும்போது 14க்கும் 40க்கும் குழப்பம் வருவது இதனால்தான். ஃபோர்ட்டீனில் அழுத்தம் பின்பாதியில் விழும், ஃபார்ட்டியில் முன்பாதியில். சந்தேகம் வந்தால் தயங்காமல் திருப்பிக் கேட்டுவிடுங்கள்.

இனி பூஜ்யங்கள். உண்மையில் தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் நடக்கிறது என்பது என் எண்ணம்.

இலக்கத்தில் எழுதும்போது பூஜ்யம் இடம் காக்கிறது. எழுத்தில் அதற்கு வேலை இல்லை, ஏனென்றால் தௌசண்ட், மில்லியன் என்ற பெயர்களே இடத்தைச் சொல்லிவிடுகின்றன. 4,007,015 என்ற எண்ணில் கட்டங்கள் 4, 007, 015. எழுத்தில்: ஃபோர் மில்லியன் செவன் தௌசண்ட் ஃபிஃப்டீன். 007இன் இரண்டு பூஜ்யமும் காணாமல் போய்விட்டன. ஒரு கட்டம் முழுக்கப் பூஜ்யமாக இருந்தால் அதன் பெயரும் சேர்ந்து காணாமல் போகும். 6,000,040 என்பது சிக்ஸ் மில்லியன் ஃபார்ட்டி. நடுவில் 'ஜீரோ தௌசண்ட்' கிடையாது. 'ஜீரோ' என்ற சொல் எழுத்தில் வரும் ஒரே முழு எண் பூஜ்யம் மட்டும்தான்.

இந்தப் பக்கம் இவ்வளவு சுலபம் என்றால், எதிர்ப்பக்கம் அதே அளவு ஆபத்து. எழுத்தைப் பார்த்து எண்ணாக மாற்றும்போது காணாமல் போன பூஜ்யங்களையெல்லாம் நாமே திரும்பக் கொண்டுவர வேண்டும். 'டுவெல்வ் பில்லியன் ஃபைவ் தௌசண்ட் நைன்' என்று கொடுத்தால் கண்ணில் படுவது 12, 5, 9 மட்டும். அவசரத்தில் 12,005,009 என்று எழுதிவிடுவார்கள். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது, ஆனால் அது பன்னிரண்டு மில்லியன்.

இதற்கு நான் சொல்லும் வழி: எண்ணை எழுதும் முன்பே கட்டங்களை வரைந்துவிடுங்கள். முதல் பெயர் பில்லியன் என்று தெரிந்த உடனே, எதுவும் யோசிக்காமல் பில்லியன், மில்லியன், தௌசண்ட், பெயரில்லாதது என்று நான்கு கட்டம். இடப்பக்க முதல் கட்டத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் மூன்று கோடுகள். அப்புறம் நிரப்புங்கள். பில்லியனில் 12. மில்லியன் என்ற பேச்சே இல்லை, ஆகவே 000. தௌசண்டில் 005. கடைசியில் 009. விடை 12,000,005,009. எந்த இடத்தையும் தாண்டிவிட வழியே இல்லை.

பெரிய எண் ஒன்றை முழுதாகப் பார்த்துவிடலாம். சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு தானியம், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் கதை உங்களுக்குத் தெரியும். 64 கட்டங்களும் நிறைந்தால் மொத்தம் 18,446,744,073,709,551,615. பார்த்தாலே தலை சுற்றும். காற்புள்ளிகளை எண்ணுங்கள்: ஆறு. ஆக ஏழு கட்டம். டிரில்லியனுக்கு மேலே இன்னும் இரண்டு பெயர் வேண்டும், குவாட்ரில்லியன், குவின்டில்லியன். இனி இடமிருந்து: எய்ட்டீன் குவின்டில்லியன், ஃபோர் ஹண்ட்ரட் ஃபார்ட்டி-சிக்ஸ் குவாட்ரில்லியன், செவன் ஹண்ட்ரட் ஃபார்ட்டி-ஃபோர் டிரில்லியன், செவன்டி-த்ரீ பில்லியன், செவன் ஹண்ட்ரட் நைன் மில்லியன், ஃபைவ் ஹண்ட்ரட் ஃபிஃப்டி-ஒன் தௌசண்ட், சிக்ஸ் ஹண்ட்ரட் ஃபிஃப்டீன். கதையில் வரும் அரசன் திகைத்தது நியாயம்தான், ஆனால் எழுதுகிறவர் திகைக்க ஒன்றும் இல்லை. ஏழு சின்ன எண்களைத்தான் எழுதியிருக்கிறோம். 073 கட்டத்தில் ஹண்ட்ரட் வரவில்லை, 709இல் பத்துகள் வரவில்லை. கவனிக்க வேண்டியது அந்த இரண்டு இடம்தான்.

கட்டங்களுக்கு நடுவே இங்கே நான் காற்புள்ளி போட்டிருக்கிறேன். எண்ணில் காற்புள்ளி இருக்கும் இடத்திலேயே எழுத்திலும் போடுவது ஒரு வழக்கம், போடாமலும் எழுதலாம்.

'அண்ட்' போட வேண்டுமா என்று அடுத்த கேள்வி வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் வழக்கில் ஹண்ட்ரடுக்குப் பின்னால் இன்னும் ஏதாவது வந்தால் 'அண்ட்' வேண்டும்: த்ரீ ஹண்ட்ரட் அண்ட் எய்ட்டி-ஃபோர். கடைசிக் கட்டத்தில் ஹண்ட்ரடே இல்லாவிட்டாலும் அங்கே ஒரு 'அண்ட்' வரும்: செவன் தௌசண்ட் அண்ட் ஃபிஃப்டீன். அமெரிக்கப் பள்ளிகளில் முழு எண்ணுக்குள் 'அண்ட்' போட விடமாட்டார்கள். தசமப் புள்ளி வரும் இடத்துக்கு அதை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டும் சரி. ஒரே தாளில் இரண்டையும் கலப்பதுதான் அழகில்லை. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் தங்கள் பாடப்புத்தகம் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்துப்பிழைகளில் முதலிடம் 40க்கு. 'ஃபோர்' என்பதிலும் 'ஃபோர்ட்டீன்' என்பதிலும் 'யு' உண்டு, 'ஃபார்ட்டி'யில் கிடையாது. ஆங்கில எண் சொற்களில் எழுத்துகள் எல்லாம் அகரவரிசைப்படியே அமைந்த ஒரே சொல் இந்த ஃபார்ட்டிதான்: எஃப், ஓ, ஆர், டி, வொய். நடுவில் 'யு' நுழைந்தால் வரிசை குலைந்துவிடும் என்று நினைவில் வைத்தால் பிழை வராது. 'நைன்டி', 'நைன்டீன்' இரண்டிலும் நைனின் கடைசி 'ஈ' அப்படியே இருக்கும். 'எய்ட்டி'யில் ஒரே ஒரு 'டி'. 21 முதல் 99 வரை இரண்டு சொல்லாக வருபவற்றுக்கு நடுவே மட்டும் இணைப்புக்கோடு. ஹண்ட்ரட், தௌசண்ட் பக்கத்தில் அது வராது. அப்புறம் 'டூ ஹண்ட்ரட்ஸ்', 'ஃபைவ் மில்லியன்ஸ்' என்று 'எஸ்' சேர்க்க வேண்டாம். முன்னால் எண் இருந்தால் இந்தப் பெயர்கள் ஒருமையிலேயே நிற்கும்.

லட்சம், கோடியை ஆங்கிலத்தில் 'லாக்', 'குரோர்' என்று எழுதலாமா? தாராளமாக எழுதலாம், இந்திய ஆங்கிலத்தில் அது முறையான வழக்கு. காற்புள்ளியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 3,84,400 என்று இருந்தால் த்ரீ லாக் எய்ட்டி-ஃபோர் தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட். 384,400 என்று இருந்தால் லாக் வரக் கூடாது. ஒரு முறையிலிருந்து மற்றதற்கு மாற்றுகையில் பெருக்கல், வகுத்தல் எதுவும் வேண்டாம். காற்புள்ளியை நகர்த்தினால் போதும். சரிபார்க்க இவ்வளவு தெரிந்தால் சரி: பத்து லட்சம் ஒரு மில்லியன், நூறு கோடி ஒரு பில்லியன், லட்சம் கோடி ஒரு டிரில்லியன்.

பழைய பிரிட்டிஷ் புத்தகங்களில் மட்டும் உஷாராக இருங்கள். அங்கே பில்லியன் என்றால் மில்லியன் மில்லியன், அதாவது இன்றைய டிரில்லியன். பிரிட்டன் அரசு தன் புள்ளிவிவரங்களில் ஆயிரம் மில்லியனையே பில்லியன் எனக் கொள்வதாக 1974இல்தான் அறிவித்தது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் அந்தப் பழைய கணக்கு இன்னமும் நடப்பில் இருக்கிறது.

ஆண்டுகளுக்கு இந்தக் கட்டக் கணக்கு பொருந்தாது. 1983ஐ நைன்டீன் எய்ட்டி-த்ரீ என்று இரண்டிரண்டாகத்தான் வாசிப்பார்கள். காசோலையில் மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை: இலக்கமும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்பது பல நாடுகளின் சட்டம்.

எழுதி முடித்ததும் சரிபார்க்க ஒரு குறுக்கு வழி. எத்தனை முழு மூன்று இலக்கக் கட்டங்களின் முதல் இலக்கம் பூஜ்யமாக இல்லையோ, அத்தனை 'ஹண்ட்ரட்' எழுத்தில் இருக்க வேண்டும். பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான வானியல் அலகு 149,597,870,700 மீட்டர். இதை எழுதிப் பாருங்கள். நான்கு ஹண்ட்ரட் வரவில்லை என்றால் எங்கோ ஒரு கட்டம் நழுவியிருக்கிறது. எழுதியதைப் பின்னூட்டத்தில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.