நாலே நிறத்தில் கூடுதுறை

கேள்வி: திருப்பூரில் ஒரு பிரின்டிங் யூனிட்டில் டிசைனராக இருக்கிறேன். பவானி கூடுதுறையின் மாலைக் காட்சியை நாலே நிறத்தில், சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகளால் ஆன பிக்சல் ஆர்ட்டாக வரைகிறேன். நன்றாக வந்தால் டீ-ஷர்ட்டில் அடிக்கவும் ஆசை. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் எடுத்தேன். கோபுரமும் மரமும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கின்றன, எதுவும் எடுப்பாகத் தெரியலைங்க. ஐந்தாவது நிறம் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாங்க. சேர்த்தாலும் சிக்கல் அப்படியேதான் இருக்கும். வானத்துக்கு நீலம், மரத்துக்குப் பச்சை என்று ஆளுக்கொரு நிறமாகப் பங்கு போட்டிருக்கிறீர்கள். நிறம் குறையக் குறைய, படத்தைத் தூக்கி நிறுத்துவது வெளிச்சத்தின் படிகள்தான். 1989-இல் வந்த கேம் பாய் என்ற கையடக்க வீடியோ கேம் கருவி 160-க்கு 144 பிக்சல் திரையில் நாலே நாலு சாயலை வைத்து முழு உலகங்களையே காட்டியது.

உங்கள் நிறங்களையே சோதித்துப் பாருங்கள். நம் கண்ணுக்குப் பச்சை அதிக வெளிச்சம், நீலம் மிகக் குறைவு. கணினியில் ஒரு நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் 0 முதல் 255 வரையிலான மூன்று எண்களாகக் குறிப்போம். அதனால் சிவப்பில் 30, பச்சையில் 59, நீலத்தில் 11 சதவீதம் எடுத்துக் கூட்டினால் அந்த நிறத்தின் வெளிச்சம் ஏறக்குறையக் கிடைக்கும். சுத்தச் சிவப்புக்கு (255, 0, 0) 76 வருகிறது. இலைப்பச்சைக்கு (0, 128, 0) 75! கோபுரமும் மரமும் ஏன் ஒட்டிக்கொண்டன என்று இப்போது புரியும். கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் டீசாச்சுரேட் செய்து, அதாவது நிறத்தை நீக்கிச் சாம்பலாக்கிப் பார்ப்பதானால் 'லூமா'வைத் தேர்ந்தெடுங்கள். 'லைட்னஸ்' வைத்தால் சுத்த மஞ்சளும் சுத்த நீலமும் ஒரே சாம்பலாகத் தெரிந்து உங்களை ஏமாற்றிவிடும்.

சரி, என்ன எடுக்கலாம்? மாலைக்கு நான் சொல்வது இது: இருண்ட மைநீலம் (16, 36, 52), செங்கல் சிவப்பு (152, 64, 66), மஞ்சள் (228, 160, 52), வெளிர் சாம்பல் வெள்ளை (236, 238, 228). வெளிச்சம் 32, 91, 168, 236 என்று ஓரளவு சீராக ஏறுகிறது. கோபுரத்தில் வெயில் படும் பக்கம் மஞ்சள், படாத பக்கம் செங்கல். மரத்துக்குப் பச்சையே வேண்டாம், அந்த நேரத்தில் அது நிழலுருவம்தான். அதே மைநீலம் படித்துறை நிழலுக்கும் பரிசலுக்கும் ஆகும். ஒரு நிறம் மூன்று இடத்தில் வேலை செய்தால்தான் படம் ஒரே வெளிச்சத்தில் நிற்கும்.

ஆற்றுக்கு மைநீலத்தையும் வெள்ளையையும் சதுரங்கக் கட்டம் மாதிரி ஒரு பிக்சல் விட்டு ஒரு பிக்சல் வையுங்கள். இதுதான் டிதரிங். தள்ளி நின்று பார்த்தால் சாம்பல். ஆனால் பக்கத்தில் செங்கலும் மஞ்சளும் இருப்பதால் அந்தச் சாம்பல் நீலச் சாயல் காட்டும். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன் பெயரில் வழங்கும் நிறத்தட்டில் காவிமஞ்சள், சிவப்பு, கறுப்பு, வெள்ளை மட்டும்தான். அதில் நீலம் தோன்றுவதும் இப்படித்தான். எல்லா இடத்திலும் டிதரிங் போடாதீர்கள், கண் கூசும். ஆற்றோடும் வானத்தின் ஒரு பட்டையோடும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கோப்பை முதலிலேயே, தேர்ந்தெடுத்த நிறங்களை மட்டும் ஏற்கும் இன்டெக்ஸ்டு மோடுக்கு மாற்றி, ஓரம் மழுங்காத பென்சிலால் வரையுங்கள். மென்மையான பிரஷ் ஓரங்களில் இடைநிறங்களைத் திருட்டுத்தனமாகச் சேர்த்துவிடும். பெரிதாக்கும்போது 2, 3, 4 என்று முழு மடங்கில் மட்டும். பிஎன்ஜி-யாகச் சேமியுங்கள், ஜேபெக் வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

அப்புறம் டீ-ஷர்ட். அச்சடிக்க நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் (அச்சுத் திரை) வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. மைநீலத் துணியிலேயே அடித்தால் நாலாவது நிறத்தைத் துணி கொடுத்துவிடும், ஸ்கிரீன் மூன்று போதும். ஆனால் கட்டங்கள் மிகச் சிறிதாக இருந்தால் இங்க் பரவி ஒன்றாக அடைத்துக்கொள்ளும். ஆற்றுப் பகுதியை மட்டும் ஒரு துண்டுத் துணியில் முதலில் அடித்துப் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள்.