மருந்துக்கு மசியாத கிருமி

கேள்வி: அம்மாவுக்கு ஆறு மாதத்தில் மூன்றாவது முறையாகச் சிறுநீர்த் தொற்று. கல்ச்சர் ரிப்போர்ட்டில் (எந்த மருந்துக்குக் கிருமி மடங்கும் என்று பார்க்கும் சோதனை) வரிசையாக 'ஆர்', அதாவது மருந்துக்கு மடங்காது என்றே இருக்கிறது. புதிதாக ஏதாவது கண்டுபிடிக்கிறார்களா, சார்?
– வாசகி, மேலூர்

பதில்: கண்டுபிடிக்கிறார்கள் அம்மா. எனக்கு அதிக நம்பிக்கை தருவது ஃபேஜ். அது பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ், நம் உடல் செல்களைத் தாக்காது. கிருமியின் மேல் ஒட்டி, தன் மரபணுவை உள்ளே செலுத்தி, அங்கேயே பல மடங்காகப் பெருகி, கடைசியில் அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். 1917-லேயே ஃபெலிக்ஸ் டெரெல் என்ற விஞ்ஞானி இதற்குப் பெயர் வைத்துவிட்டார், பெனிசிலினுக்கு முன்னாலேயே! அப்புறம் ஆன்டிபயாட்டிக் வந்ததும் ஜார்ஜியா போன்ற சில நாடுகளைத் தவிர மற்றவர்கள் கைவிட்டுவிட்டார்கள், அது பெரிய இழப்பு. 2016-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில், எந்த மருந்தும் கேட்காமல் கோமாவில் கிடந்த ஒரு பேராசிரியர் ஃபேஜ் சிகிச்சையில்தான் பிழைத்தார். சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு கிருமிக்கும் பொருத்தமான ஃபேஜைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2020-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் செயற்கை நுண்ணறிவை வைத்து ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைச் சலித்து, ஹாலிசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கண்டெடுத்தார்கள். எலிகளிடம் நன்றாக வேலை செய்தது.

சரி, இதெல்லாம் நம் ஊர் மருந்துக்கடைக்கு வர நாளாகும். ரிப்போர்ட்டில் 'எஸ்' என்று எதற்காவது இருக்கிறதா என்று பாருங்கள், அந்த மருந்துக்குக் கிருமி மடங்கும் என்று அர்த்தம். சர்க்கரை, சிறுநீரகக் கல் இரண்டையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். மெடிக்கலில் நீங்களாக மாத்திரை வாங்கிக் கொடுக்கவே கூடாது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.