கொழும்பைக் களமாக வைத்து, இரண்டு ஆண்களின் மெல்லிய காதலோடு இலகுவான வலைத்தொடர் எழுதுவது எப்படி?

8 பகுதி, ஒவ்வொன்றும் 20 நிமிடம் என்று வையுங்கள். திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். 20 பக்கத்தில் 15ஐ அந்தப் பகுதியின் சில்லறைப் பிரச்சினைக்குக் கொடுங்கள்: தண்ணீர்த் தாங்கி காலி, வீட்டுக்கார அன்ரி வாடகையைக் கூட்டுகிறா, ஊரிலிருந்து மாமா சொல்லாமல் வந்து நிற்கிறார். சிரிப்பு அங்கிருந்து வரட்டும். காதலுக்கு மிச்சம் 5 பக்கம் போதும், ஆனால் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு படியாவது நகரவேண்டும். இரண்டு ஆண்கள் நேசிப்பதையே பகிடியாக்கினால், பிறகு அவர்களின் எந்தப் பார்வையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

காதலைச் சொல்ல, திரும்பத் திரும்ப வரும் ஓர் இடம் வேண்டும். வெள்ளவத்தையில் ஒரு சைவக் கடையை எடுங்கள். வடை தட்டோடு மேசைக்கு வரும், தின்றதை எண்ணித்தான் பில். முதல் பகுதியில் இருவரும் தனித்தனியே காசு வைக்கிறார்கள். மூன்றாவதில் ஒருவன் இரண்டு பேருக்கும் கொடுக்க, மற்றவன் மறுக்கவில்லை. ஐந்தாவதில், பேச்சை நிறுத்தாமலே வடையின் மொறுமொறு விளிம்பைப் பிய்த்து மற்றவனின் தட்டில் வைக்கிறான். ஏழாவதில் சண்டை; ஒருவன் தனியே வந்து உட்கார, வெயிட்டர் கேட்காமலே இரண்டு பிளேன்டீ கொண்டுவந்து வைக்கிறார்.

இதைக் கெடுப்பது பெரும்பாலும் இசைதான். விளிம்பைப் பிய்க்கும் கைக்கு குளோசப்பும் வயலினும் போட்டால், பார்ப்பவர் தானாகக் கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சாது. இடுப்புக்கு மேல் தெரியும் மிட் ஷொட்டில், கடைச் சத்தத்தோடு விடுங்கள். ஜப்பானில் 2019இல் டிவி டோக்கியோ 12 பகுதிகளாக ஒளிபரப்பிய 'கினோ நானி தபேத்தா?' தொடரில் ஒரு வழக்கறிஞரும் ஒரு சிகையலங்காரரும் சேர்ந்து வாழ்கிறார்கள். அவர்களின் நெருக்கத்தில் பெரும்பகுதி இரவுச் சமையலிலும் சாப்பாட்டு மேசையிலும்தான் தெரியும். அதன் பொறுமையைப் பாருங்கள்.

பேச்சுமொழியில் சோம்பல் கூடாது. ஒருவன் யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்தவன் என்றால் 'வாறன்' என்பான். கொழும்பிலேயே, கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன் 'வாரேன்' என்பான். இருவரும் டிவித் தமிழ் பேசினால் கொழும்பே காணாமல் போகும். வீட்டுக்கார அன்ரி சிங்களத்தில் பேசட்டும், கீழே தமிழில் சப்டைட்டில் போடுங்கள்.

கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்பதையும் முதலே முடிவுசெய்யுங்கள். ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்கும், இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் கூறியது. அதற்கு முன் நடக்கும் கதையில் பயம் வேறு மாதிரி இருக்கும். அதை நீதிமன்றக் காட்சியாக்க வேண்டாம்; வாடகைக்கு அனெக்ஸ் (வீட்டோடு ஒட்டிய தனிப் பகுதி) பார்க்கப் போகும்போது "கட்டில் ஒண்டுதானே இருக்கு?" என்ற கேள்விக்கு இருவரும் ஒரே நேரத்தில் வேறு வேறு பதில் சொன்னாலே போதும், சிரிப்பும் வரும்.

மரைன் டிரைவில் அந்திக் காட்சி எடுக்க எல்லோருக்கும் ஆசை. சூரியன் கடலில் இறங்கியதும் கிட்டத்தட்ட 20 நிமிட வெளிச்சம்தான் கிடைக்கும். பக்கத்திலேயே ரயில் பாதை, காற்றும் பலம். அங்கே நீண்ட வசனம் எழுதாதீர்கள். மைக்குக்கு உரோமக் கவசம் போடுங்கள். படப்பிடிப்பு முடிந்ததும் ஒரு நிமிடம் எல்லோரும் பேசாமல் நிற்க, அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவுசெய்யுங்கள்; இல்லாவிட்டால் எடிட்டில் வெட்டும் ஒவ்வோர் இடத்திலும் அலைச்சத்தம் துள்ளும்.