கை படாமலேயே 'அசால்ட்' ஆகுமா?

ஆகும். அன்றாட ஆங்கிலத்தில் 'அசால்ட்' என்றால் ஒருவரை அடித்துத் தாக்குவது. படைகள் கோட்டைமீது பாய்வதற்கும் அதே வினைதான். நம் சட்டத்தில் பொருள் இன்னும் விரிகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 130ஆவது பிரிவுக்கு (பழைய தண்டனைச் சட்டத்தில் 351) அடி விழவேண்டியதில்லை. இதோ விழப்போகிறது என்று எதிரில் இருப்பவர் அஞ்சும்படி சைகை காட்டினாலே போதும். முஷ்டியை ஓங்குவது, கடிநாயின் வாய்ப்பூட்டை அவிழ்க்கத் தொடங்குவது ஆகியவை சட்டமே தரும் உதாரணங்கள். வெறும் வாய்ச்சொல் அசால்ட் ஆகாது. ஆனால் தடியைக் கையில் எடுத்துக்கொண்டு 'உதைப்பேன்' என்றால், அந்தச் சொல்லே சைகையைக் குற்றமாக்கிவிடும். காயம் இல்லையே என்று பாதிக்கப்பட்டவர் வாயை மூடிக்கொள்ள வேண்டாம். கடுமையாகச் சினமூட்டப்படாத நிலையில் இதைச் செய்தவருக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.