ஆல்ரவுண்டர் மகனுக்கு எத்தனை வருடம் கொடுக்கலாம்?

கேள்வி: திருமங்கலத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறோம். இளைய மகனுக்கு வயது 20; மதுரையில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறான். மாவட்ட அணிக்கு 19 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஆடியவன், இப்போது சென்னையில் மூன்றாம் டிவிஷன் லீக்கில் ஆடுகிறான். சனிக்கிழமை இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் போய், ஞாயிறு ஆட்டத்தை முடித்துக்கொண்டு, திங்கள் காலை நேராகக் கல்லூரிக்குப் போகிறான். செலவெல்லாம் அவனுடைய தாய்மாமன் பார்த்துக்கொள்கிறார். ஆறாவதாக இறங்கி மட்டை பிடிப்பான், ஆஃப் ஸ்பின்னும் போடுவான். போன சீசனில் 10 ஆட்டங்களில் 240 ரன், 11 விக்கெட் எடுத்தான். ஆல்ரவுண்டர் என்றால் இரண்டு வழியிலும் வாய்ப்பு வரும் என்கிறான். படிப்பு முடிந்ததும் கடையில் உட்காரட்டும் என்கிறார் அவன் அப்பா. இந்தியாவுக்கு ஆடாமல் போய்விட்டால் இத்தனை வருடமும் வீண்தானே, ஐயா? எத்தனை காலம் விட்டுப் பிடிக்கலாம்?

பதில்: அன்புச் சகோதரிக்கு, தங்கள் கடிதத்தின் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்தியாவுக்கு ஆடாத ஆட்டக்காரனின் வாழ்க்கை வீண் என்ற எண்ணம் இந்த வீட்டிலிருந்து போனால்தான் மற்றதை நிதானமாகப் பேச முடியும்.

மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்தது. அது ஒரே நாளில் முடிந்துபோனதற்குக் காரணம், இடக்கைச் சுழற்பந்து வீசிய ஏ.ஜி.ராம் சிங் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 35 ரன்களுக்கு 11 விக்கெட் எடுத்ததுதான். மட்டையிலும் வல்லவரான அவர், இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடியதில்லை. அவருடைய மகன்களில் கிருபால் சிங், மில்கா சிங் இருவரும் ஆடினார்கள். கிருபால் சிங் 1955இல் நியூசிலாந்துக்கு எதிரான தன் முதல் டெஸ்ட்டிலேயே சதம் அடித்தார். நம் காலத்திலும் ஒருவரைச் சொல்கிறேன். மத்தியப் பிரதேசத்திலிருந்து கேரளத்துக்கு வந்து ஆடிய ஜலஜ் சக்சேனா, 38ஐ நெருங்கும் வயதில், 2024 நவம்பரில், ரஞ்சிக் கோப்பையில் 6,000 ரன்களும் 400 விக்கெட்டுகளும் எடுத்த முதல் வீரரானார். இந்தியத் தொப்பி அவருக்கும் கிடைக்கவில்லை. ஆனால் அந்தச் சீசனில் கேரளம் முதன்முறையாக இறுதி ஆட்டம் வரை வந்தபோது அவர் அந்த அணியில் இருந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டு காலம் இரண்டு மாநில அணிகள் ஒருவரை நம்பித் தோள்சாய்ந்திருந்தன என்றால், அந்த வாழ்க்கையை வீண் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வருமானத்தையும் சொல்லிவிடுகிறேன், கடை நடத்தும் குடும்பத்துக்குக் கணக்கு தெரிய வேண்டும். 2021இல் கிரிக்கெட் வாரியம் உயர்த்தி அறிவித்த கட்டணப்படி, 20 ஆட்டங்கள் வரை ஆடிய மூத்தோர் (வயது வரம்பில்லாத) அணி வீரருக்கு ரஞ்சியில் நாளொன்றுக்கு 40,000 ரூபாய். 40 ஆட்டங்களைத் தாண்டியவருக்கு 60,000. லீக் சுற்றின் ஏழு ஆட்டங்களிலும் ஆடினால் 28 நாள், 11 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். பதினொருவரில் இடம் கிடைக்காமல் வெளியே உட்கார்ந்தால் அதில் பாதி. இந்தப் பணம் மாநில அணிக்குள் நுழைந்த பிறகுதான் வரும். அதுவரை தாய்மாமன் கைதான்.

இனித் தங்கள் மகனிடம் வருகிறேன். கசப்பாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். 10 ஆட்டங்களில் 240 ரன் எடுத்தவரை மட்டைக்காகவும் அழைக்க மாட்டார்கள், 11 விக்கெட் எடுத்தவரைப் பந்துக்காகவும் அழைக்க மாட்டார்கள். தேர்வாளர்கள் அணியை எழுதும்போது முதலில் மட்டையாளர்களை எழுதுகிறார்கள், பிறகு விக்கெட் கீப்பரை, பிறகு பந்துவீச்சாளர்களை. ஆல்ரவுண்டர் என்று தனியாக ஒரு வரிசை அந்தத் தாளில் பெரும்பாலும் இருப்பதில்லை. ஏதோ ஒன்றில் முதல் நாலைந்து பேருக்குள் வந்தவருடைய பெயருக்குப் பக்கத்தில்தான், 'இவன் மட்டையும் பிடிப்பான்' என்று யாராவது சொல்கிறார்கள். சம அளவில் ஆடும் இருவரிடையே ஒருவரை எடுக்க வேண்டிய நேரத்தில், அந்த ஒரு சொல்லே இடத்தை வாங்கிக் கொடுத்துவிடும். அதற்கு முன்பு அந்த இருவரில் ஒருவராக வந்து நிற்க வேண்டுமே!

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் இருபத்தொன்றாவது வயதில் ஒரு சீசன் முழுக்க ஏழாவதாக இறங்கி, கேப்டனுக்கு வேறு யாரும் கிடைக்காத நேரத்தில் நாலைந்து ஓவர் வீசிக்கொண்டிருந்தேன். வலைப்பயிற்சியில் ஒரு மணி நேரம் மட்டை பிடித்து, கைகள் ஓய்ந்த பிறகு பந்தை எடுப்பேன். அப்போது பந்து விரலிலிருந்து சுற்றி வராது, நழுவி விழும். இரண்டையும் செய்கிறேன் என்ற பெருமையில் அது எனக்கு உறைக்கவே இல்லை. சீசன் முடிந்து அணி அறிவித்தபோது, எனக்கு மேலே ஆறு மட்டையாளர்கள், எனக்கு மேலே நான்கு சுழற்பந்து வீச்சாளர்கள். யார் மீதும் குறை சொல்ல முடியவில்லை.

மகன் எதை முதலில் பிடிக்க வேண்டும் என்று கேட்டால், பந்து என்பேன். ஆறாவதாக இறங்குபவருக்கு ஒருநாள் ஆட்டத்தில் சில சமயம் இருபது பந்துகூட மிஞ்சாது. எத்தனை நன்றாக ஆடினாலும் பெரிய எண்ணிக்கை சேராது. ஆஃப் ஸ்பின்னருக்கோ ஒவ்வோர் ஆட்டத்திலும் பத்து ஓவர் வரை காத்திருக்கிறது. தமிழ்நாட்டு அணியின் சுழற்பந்து வீச்சாளர் சாய் கிஷோரைப் பாருங்கள். 2023-24 ரஞ்சி சீசனில் 53 விக்கெட்டுகளுடன் நாட்டிலேயே முதலிடம் பிடித்தார். கோவையில் நடந்த காலிறுதியில் சௌராஷ்டிரத்தின் 9 விக்கெட்டுகளை எடுத்ததோடு, மட்டை வரிசையில் மேலே இறக்கப்பட்டு 60 ரன்களும் அடித்தார். அந்த 60 ரன்களை அடிக்கக் களத்தில் அவருக்கு இடம் கொடுத்தது பந்துதான். சிறுவயதில் தொடக்க மட்டையாளராக இருந்த அஸ்வின், பின்னர் ஆஃப் ஸ்பின்னராகி 537 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்தார். ஆறு டெஸ்ட் சதங்களும் அவர் பெயரில் இருக்கின்றன. கையில் இருந்த மட்டை எங்கும் போய்விடவில்லை.

இதில் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மதுரைச் சுற்றுவட்டாரத்தில் நெடுங்காலம் தேங்காய் நார் மேட் விரித்து, ஓரங்களில் ஆணி அடித்து ஆடித்தான் பழக்கம். மேட் விரிப்பில் பந்தைச் சற்றே திருப்பினாலும் அது நிமிர்ந்து எழும்பி மட்டையாளரின் கையுறையைத் தேடிப் போகும். பந்துவீச்சாளருக்குத் தன் திறமை இரண்டு மடங்காகத் தெரியும். சென்னையின் டர்ஃப் (இயற்கை மண்-புல்) ஆடுகளத்தில் காலை நேரத்தில் அதே பந்து தாழ்வாக, மெதுவாக வரும், மட்டையாளர் பின்காலில் நின்று நிதானமாக அடிப்பார். மேட் விரிப்பில் வளர்ந்த ஆஃப் ஸ்பின்னர், பந்தைக் காற்றில் நிறுத்தி இறக்கவும், வேகத்தை மாற்றவும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு முழு ஆண்டு பிடித்தாலும் ஆச்சரியமில்லை. போன சீசனின் 11 விக்கெட்டுகளை அதனால்தான் நான் தோல்வியாக எண்ணவில்லை. இனிமேல் வலைப்பயிற்சிக்குப் போனால் உடம்பு புதிதாக இருக்கும்போதே பந்தை எடுக்கச் சொல்லுங்கள். முக்கால் மணி நேரம் வீசிய பிறகு, மட்டை பிடிக்கக் கால்காப்பு கட்டட்டும்.

காலக்கெடு கேட்டீர்கள். அதை ஆட்டமே வைத்திருக்கிறது. மாநிலத்தின் 23 வயதுக்குட்பட்டோர் அணிதான் சி.கே.நாயுடு கோப்பையில் ஆடுகிறது. லீக்கில் கவனம் பெறும் இளைஞருக்கு ரஞ்சி அணிக்கு முந்தைய படி அதுதான். தங்கள் மகனுக்கு அந்தக் கதவு இன்னும் இரண்டு, மிஞ்சினால் மூன்று சீசன் திறந்திருக்கும். அதற்குள் அவன் மேல் டிவிஷன் அணி ஒன்றுக்கு ஏறி, அந்த அணியின் முதல் இரண்டு சுழற்பந்து வீச்சாளர்களில் ஒருவனாக வந்துவிட்டால், வயது வரம்பு தாண்டினாலும் தொடரட்டும். மூத்தோர் அணிக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் போனவர்களும் இருக்கிறார்கள். மூன்றாம் டிவிஷனிலேயே ஆறாவது ஆளாக நின்றுகொண்டிருந்தால், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை ஆசைக்காக வைத்துக்கொண்டு கடைக்கோ வேலைக்கோ வரட்டும். பட்டத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் அரியர் வைத்து இழுக்கக் கூடாது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிப்பதானாலும் அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் நல்லது.

தங்கள் வீட்டுக்காரரிடம் இந்தக் கெடுவை ஆண்டு சொல்லிப் பேசுங்கள். முடிவு தெரியாத செலவுதான் கடைக்காரரைக் கலங்க வைக்கும். தேதி தெரிந்தால் அவர் ஒருவேளை இறங்கி வருவார். பேசும்போது மாமனும் மகனும் உடன் இருக்கட்டும். பணம் கொடுப்பவருக்கும் ஆடுபவனுக்கும் ஒரே தேதி தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். ரன்னும் விக்கெட்டும் எழுதிய தாங்கள், அந்த 10 ஆட்டங்களில் மகன் மொத்தம் எத்தனை ஓவர் வீசினான் என்பதை எழுதவில்லை. அந்த 11 விக்கெட்டுகள் எண்பது ஓவரில் வந்தவையா, முப்பது ஓவரில் வந்தவையா என்பது எனக்கு முக்கியம். முப்பதில் வந்தவை என்றால், கேப்டனிடம் போய்த் துணிந்து பந்து கேட்க வேண்டிய பையன் அவன். அடுத்த திங்கள் அவன் கல்லூரியிலிருந்து வந்ததும் ஆட்காட்டி விரலைப் பாருங்கள். பந்தின் தையல் உரசி உரசி முதல் கணுவின் ஓரத்தில் தோல் காய்த்திருக்கிறதா, இல்லை வழவழப்பாக இருக்கிறதா என்பதையும் ஓவர் கணக்கோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள்.