சட்டிக்குள் சவுக்கு: பொன்சாய் கேள்வி பதில்

கல்லடியிலிருந்து: கனடாவில இருக்கிற மச்சான் ஹெம்லொக் பொன்சாய் (சட்டியில குறுக்கி வளர்த்த மரம்) ஒன்றின்ட படம் அனுப்பினார். அந்த மரத்தை இங்க வளர்க்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அது வட அமெரிக்காவிலும் கிழக்காசிய மலைகளிலும் வளரும் குளிர்நாட்டு மரம். குளிர்காலத்தில் உறங்கி எழும்பினால்தான் ஒழுங்காகத் துளிர்க்கும். மட்டக்களப்பு வெக்கையில் அந்த உறக்கம் கிடைக்காமல் நலிந்து செத்துப்போகும். சோக்ரடீஸ் குடித்த ஹெம்லொக் வேறு, அது ஒரு நச்சுச் செடி. படத்தில் பார்த்த சாயல்தான் வேண்டுமென்றால் நம்மட கடற்கரைச் சவுக்கை எடுங்க. மெல்லிய பச்சை, தொங்கும் நுனி, எல்லாம் அதில் இருக்கு.

காத்தான்குடியிலிருந்து: சேர், சவுக்கைக் கத்திரிக்கோலால் மட்டமா வெட்டினேன். நுனியெல்லாம் கருகிட்டு.

பதில்: ஊசி மாதிரி இருக்கிற பச்சை ஒன்றைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்க, கணுவில் கழன்று வரும். கழன்ற இடத்தில் வளையமாகச் சின்னச் சின்னப் பற்கள் தெரியும். அவைதான் இலை, நாம் இலை என்று நினைக்கிற பச்சை முழுவதும் தண்டு. கணுவுக்கு நடுவில் வெட்டினால் மிச்சத் துண்டு காய்ந்து பழுப்பாகும். பச்சையை விரலால் கணுவில் கிள்ளுங்க. கத்திரிக்கோல் முற்றின கொப்புக்கு மட்டும்.

களுவாஞ்சிகுடியிலிருந்து: அடிக்கொப்பை மொட்டையாக்கி இரண்டு மாதம். துளிர்க்கவே இல்லை.

பதில்: எனக்கு இது நெஞ்சைச் சுடுகிற விசயம் தங்கச்சி. ஆறு வருசம் வளர்த்த மரத்தின் அடிக்கொப்பை இப்படித்தான் இழந்தேன். சவுக்கு தன் பலத்தையெல்லாம் உச்சிக்கே அனுப்பும். கீழ்க்கொப்பு எப்போதும் சவலைப் பிள்ளை. அதில் பச்சையே இல்லாவிட்டால் மரம் பெரும்பாலும் அதைக் கைவிட்டுவிடும். ஆகவே உச்சியைத் துணிந்து குறையுங்க, அடியில் கை வைக்காதீங்க. நீளம் குறைக்க வேண்டுமென்றாலும் நுனியில் கொஞ்சம் பச்சையை விட்டு, உள்ளே துளிர் வந்த பிறகு அதுவரைக்கும் வெட்டுங்க. ஹெம்லொக் வளர்ப்பவர்களும் பச்சை இல்லாத பழைய கொப்பை நம்பி வெட்டுவதில்லை. இப்போதைக்கு நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்க. உள்ளே பச்சை தெரிந்தால் பொறுத்திருங்க.

திருக்கோவிலிலிருந்து: கொப்பை வளைக்கக் கம்பி எப்போது சுற்றலாம்?

பதில்: மாரி மழை ஓய்ந்து, மாசி பங்குனியில். கொப்பின் மூன்றிலொரு பங்கு தடிப்புள்ள அலுமினியக் கம்பி காணும். அடிமரத்திலிருந்து கொப்பைக் கீழே இறக்கி, நுனியைத் தொங்க விடுங்க. உங்கட கடற்கரையில் காற்றுக்குச் சாய்ந்து நிற்கிற மரங்களை ஒருதரம் நின்று பாருங்க, அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. நம்மட வெக்கையில் கொப்பு சுறுக்காப் பருக்கும். கிழமைக்கொருக்காப் பாருங்க, கம்பி அழுந்தத் தொடங்கினால் சுற்றைப் பிரிக்காமல் குறட்டால் துண்டு துண்டாக வெட்டி எடுங்க.

அக்கரைப்பற்றிலிருந்து: சட்டி மாற்றும்போது வேரில் முடிச்சு முடிச்சா இருந்தது. நோயா? கிணற்றுத் தண்ணியும் கொஞ்சம் உவர்.

பதில்: பெரும்பாலும் நோயில்லை. காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்கிற நுண்ணுயிர்கள் சவுக்கு வேரில் அப்படி முடிச்சுக் கட்டி வாழும். வெட்டி எறியாதீங்க, புது மண்ணோடு பழைய மண்ணும் ஒரு பிடி சேர்த்து வையுங்க. சவுக்கு உவரைத் தாங்கும். ஆனால் சட்டியில் உப்புத் தேங்கும், அடித்துவாரத்தால் ஓடும்வரை ஊற்றுங்க. கச்சான் காற்று (வெக்கையான மேல்காற்று) அடிக்கிற நாளில் காலையும் மாலையும் ஊற்றுங்க.